கொழும்பில் முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் சரியான வாடகையைத் தீர்மானிப்பது எப்படி?

2021ஆம் ஆண்டு லண்டனில் வசிக்கும் என் அக்கா, வெள்ளவத்தையில் தனக்குச் சொந்தமான மூன்று அறைத் தொடர்மாடி வீட்டின் திறப்பை என்னிடம் ஒப்படைத்து, அதை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். வீட்டுக் கடனுக்கான மாதத் தவணையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கூட்டி, அதற்கு மேல் சிறிது வைத்து, 95,000 ரூபா என்று நான் விளம்பரம் செய்தேன். நான்கு மாதங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. ஐந்தாவது மாதத்தில் பயம் பிடித்து, தரகர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, தண்ணீர்க் கட்டணமும் பராமரிப்புக் கட்டணமும் உட்பட 65,000 ரூபாவுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு மாறாத வாடகையாக எழுதிக் கொடுத்தேன். அதே மாடியில் எதிர்வீடு 75,000 ரூபாவுக்குப் போயிருந்தது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. அடுத்து வந்தது 2022. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோதும், எங்களுக்கு வந்துகொண்டிருந்தது அதே 65,000 ரூபாதான்.

முதலில் கூடுதலாகக் கேட்டதும் பிறகு குறைவாக ஒப்புக்கொண்டதும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை. நான் சந்தையைப் பார்க்காமல் என் தேவையையும் என் பயத்தையும் பார்த்து வாடகையை முடிவு செய்தேன். கீழே உள்ள படிகளை அடுத்த தடவை வீட்டை விட்டபோது ஒழுங்காகப் பின்பற்றினேன். நீங்கள் முதல் தடவையிலேயே அவ்வாறு செய்ய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

1. வீட்டின் வயதைச் சரிபாருங்கள்

பழைய வீடுகளின் வாடகையை 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 1980 ஜனவரி 1க்குப் பின்னர் கட்டப்பட்ட குடியிருப்புகள் பொதுவாக அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்பதால், புதிய தொடர்மாடி வைத்திருப்பவர்கள் இந்தப் படியை விரைவாகக் கடந்துவிடலாம். ஆனால் கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ பாட்டன் காலத்து வீடு உங்கள் கையில் இருக்குமானால், வாடகையைப் பற்றி எவரிடமும் வாய் திறப்பதற்கு முன்னர், கட்டிய ஆண்டைக் காட்டக்கூடிய பத்திரங்களோடும் மாநகர சபையின் மதிப்பீட்டு வரிச் சிட்டையோடும் ஒரு வழக்கறிஞரைச் சென்று பாருங்கள். அந்த ஒரு சந்திப்புக்கு ஆகும் செலவு, பின்னர் வரக்கூடிய நீண்ட வழக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

2. கேட்கப்படும் வாடகை வேறு, கைமாறிய வாடகை வேறு

பெரும்பாலானவர்கள் இக்மன் போன்ற இணையத்தளங்களிலோ ஞாயிறு வீரகேசரியிலோ வரும் விளம்பரங்களைப் பார்த்து, அவற்றின் நடுவில் ஒரு தொகையைத் தெரிவு செய்கிறார்கள். விளம்பரத்தில் இருப்பது வீட்டுக்காரரின் ஆசை. உங்களுக்குத் தேவைப்படுவது, பேச்சு முடிந்து இருவரும் கையெழுத்திட்ட தொகை.

அதைக் கண்டறிய இரண்டு வாரங்களாவது ஒதுக்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள, அதே அறை எண்ணிக்கை கொண்ட பத்துப் பதினைந்து விளம்பரங்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத் திகதி, சதுர அடி, எத்தனையாவது மாடி, மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம், தளபாடங்கள், கேட்கும் வாடகை ஆகியன தனித்தனி நிரலில் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அதே பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் மறைந்துபோன விளம்பரங்கள் உண்மையான வாடகைக்கு அருகில் இருந்தவை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடப்படும் விளம்பரத்தை உங்கள் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 2021இல் என் விளம்பரமும் அப்படிப்பட்டதுதான்.

அதன் பிறகு ஆட்களிடம் கேளுங்கள். உங்கள் கட்டடத்தின் முகாமைத்துவக் குழுச் செயலாளர், வாசலில் இருக்கும் காவலாளி, கீழே கடை வைத்திருப்பவர் ஆகியோருக்கு எந்த வீடு எப்போது காலியானது, எவ்வளவுக்குப் போனது என்பது தெரிந்திருக்கும். "என்னுடைய வீட்டுக்கு எவ்வளவு கேட்கலாம்?" என்று கேட்டால் முகத்துக்காக ஒரு பெரிய தொகையைச் சொல்வார்கள். "மூன்றாம் மாடி வீடு கடைசியாக எவ்வளவுக்குப் போனது, முற்பணம் எத்தனை மாதம்?" என்று கேளுங்கள். இவ்வாறு உறுதியான மூன்று தொகைகள் கிடைத்தால், முப்பது விளம்பரங்களைவிட அவை பெறுமதியானவை.

தரகர்களிடமும் கேட்கலாம், ஒருவரிடம் மட்டும் கேட்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தரகுக் கூலி பெரும்பாலும் அரை மாதம் தொடக்கம் ஒரு மாத வாடகை வரை பேசப்படுகிறது. வாடகை பத்தாயிரம் குறைந்தால் தரகருக்கு ஒரு தடவை சிறிது குறையும், உங்களுக்கோ ஒவ்வொரு மாதமும் பத்தாயிரம் குறையும். ஆகவே விரைவில் முடித்துவிடும்படி அவர் சொல்லும் ஆலோசனையை அவருடைய இடத்திலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டும். கூலி எவ்வளவு, அதை யார் தருவது, உடன்படிக்கை புதுப்பிக்கப்படும்போதும் கேட்பாரா என்பவற்றை வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வெள்ளவத்தையில் வழமையாகப் பலர் விழும் ஒரு பொறி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளின் தொகையை முப்பதால் பெருக்கி, அதுவே தங்கள் வீட்டின் மாத வாடகை என்று நினைத்துவிடுகிறார்கள். படுக்கை விரிப்பு முதல் பாத்திரம் வரை வைத்து, சுத்தம் செய்ய ஆள் நிறுத்தி நடத்தப்படும் அந்தத் தொழில் முற்றிலும் வேறானது. பல கட்டடங்களில் அதற்கு முகாமைத்துவக் குழுவின் அனுமதியும் கிடைப்பதில்லை.

3. உங்கள் வீட்டைக் குடியிருக்க வருபவரின் கண்ணால் பாருங்கள்

கிடைத்த தொகைகளுக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கூட்டிக் கழிக்க வேண்டும். மின்தூக்கி இல்லாத நான்காம் மாடி வீட்டுக்கு முதியவர்கள் உள்ள குடும்பம் வராது. தரிப்பிடம் இல்லாவிட்டால், ஒழுங்கைகள் ஒடுங்கிய வெள்ளவத்தையில் வாகனம் வைத்திருப்பவர் வரமாட்டார். மின்பிறப்பாக்கி மின்தூக்கிக்கு மட்டுமா, வீட்டுக்குள்ளும் மின்சாரம் தருமா என்பதையும் கேட்பார்கள். மெரின் டிரைவ் பக்கம் கடல் தெரியும் வீட்டுக்குக் கூடுதலாகக் கேட்கலாம். ஆயினும் உப்புக் காற்றில் யன்னல் கம்பிகளும் ஏசியின் வெளிப்பெட்டியும் துருப்பிடிக்கும் வேகத்தையும், கரையோரப் புகையிரதத்தின் சத்தத்தையும் பார்க்க வருபவர்கள் கவனிக்கவே செய்வார்கள்.

இரண்டாவது தடவை வீட்டை விட்டபோது, பார்க்க வந்த ஒரு அம்மா வரவேற்பறையில் நிற்கவே இல்லை. நேரே குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீர் முதலில் சீறி வந்து பிறகு மெலிந்து நூலாக ஒழுகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயை மூடாமலே என்னிடம் திரும்பி, "தம்பி, விடிய ஆறு மணிக்கும் இப்பிடித்தானோ வரும்? பிள்ளையள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போக வேணும்" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மேல்தாங்கியிலிருந்து வரும் குழாயின் வால்வு பழுதடைந்திருந்ததை ஒரே நாளில் திருத்த முடிந்தது. அதற்கு ஆன செலவு 9,000 ரூபா. அந்தச் சிறிய வேலையைச் செய்யாமல் அதுவரை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேனோ தெரியாது.

ஆகவே வாடகையை முடிவு செய்வதற்கு முன்னர், விடியற்காலையில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் வெற்று வீட்டுக்குப் போங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள், எல்லா ஆளிகளையும் போட்டுப் பாருங்கள், குளியலறைச் சுவரில் கசிவு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். திருத்த முடியாததற்கு வாடகையில் கழித்துவிடுங்கள். விலை உயர்ந்த திரைச்சீலை, அலங்கார விளக்கு போன்றவற்றில் போடும் பணம் வாடகையாகத் திரும்பி வருவதில்லை என்பது என் அனுபவம். வெள்ளையடித்த சுவரும் நன்றாக மூடித் திறக்கும் கதவும் வந்தவர்களை அன்றைக்கே முடிவெடுக்க வைக்கின்றன.

4. கைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

வாடகையைச் சந்தை தீர்மானிக்கிறது. இந்தக் கணக்கு அதை உயர்த்த உதவாது. எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வதற்கு மட்டுமே இது தேவை.

மாதம் 110,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,320,000 ரூபா. கட்டடப் பராமரிப்புக் கட்டணம் மாதம் 12,000 வீதம் 144,000, மாநகர சபை மதிப்பீட்டு வரி 30,000, திருத்த வேலைகளுக்கென ஒரு மாத வாடகையான 110,000, தரகுக் கூலி 55,000 என்று எடுத்தால், மொத்தச் செலவு 339,000 ரூபா. மீதி 981,000 ரூபா, அதாவது மாதத்துக்கு 81,750. மதிப்பீட்டு வரியை ஆண்டு முழுவதற்குமாக ஜனவரி 31க்கு முன் செலுத்தினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

இதற்கு மேல் வருமான வரி இருக்கிறது. இலங்கையில் வதியும் தனிநபருக்கு, திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்கான நிவாரணமாக மொத்த வாடகையில் 25 சதவீதம் கழிக்கப்படுகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் வரிக்கு உட்படும் தொகை 990,000 ரூபா. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத வருமானம், ஆண்டுக்கு 1,800,000 ரூபாவாக இருப்பதால், வேறு வருமானம் இல்லாதவருக்கு இதில் வரி வராது. நல்ல சம்பளத்தில் இருந்து ஏற்கனவே 36 சதவீத உச்ச வரிப் படியை எட்டியவருக்கோ இதே தொகைக்கு 356,400 ரூபா வரி வரும். ஒரே வீடு, ஒரே வாடகை. இருவரின் கைக்கும் வருவது வேறு வேறு. ஆண்டு விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும். வரி காலாண்டுத் தவணைகளாகச் செலுத்தப்படுகிறது. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராயின் இந்தக் கணக்கு மாறும். எங்கள் விடயத்தில் ஒரு வரி ஆலோசகர்தான் அதைச் செய்து தந்தார்.

ஒரு நிறுவனம் தன் ஊழியருக்காக வீட்டை எடுக்குமானால், மாத வாடகை 100,000 ரூபாவைத் தாண்டும்போது 10 சதவீதத்தை நிறுத்திவைத்துக்கொண்டு மீதியையே உங்களுக்குத் தரும். அது உங்கள் பெயரில் முற்கூட்டியே கட்டப்படும் வரி. அதற்கான சான்றிதழைத் தவறாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. வெற்று மாதத்துக்கும் விலை போடுங்கள்

130,000 ரூபா கேட்டு இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால், அந்த ஆண்டில் கிடைப்பது 1,300,000 ரூபா. 110,000 ரூபாவுக்கு உடனே விட்டால் 1,320,000 ரூபா. வெற்று வீட்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், பூட்டிக் கிடக்கும் வீடு விரைவில் பழுதடையும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நான் இப்போது வைத்திருக்கும் விதி இதுதான்: இரண்டாம் படியில் கண்டறிந்த தொகைக்கு மேல் ஐந்து சதவீதம் வைத்து விளம்பரம் செய்வேன். மூன்று வாரத்துக்குள் எட்டுப் பேராவது வந்து பார்த்திருக்க வேண்டும். வந்து பார்த்தும் எடுக்கவில்லை என்றால் வீட்டில் குறை. வரவே இல்லை என்றால் வாடகையில் குறை.

6. காலத்தைத் தெரிந்து விளம்பரம் செய்யுங்கள்

பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு முந்திய இரண்டு மாதங்களில்தான் குடும்பங்கள் அதிகம் தேடுகின்றன. சைவ மங்கையர் வித்தியாலயம், கொழும்பு இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி ஆகியவற்றுக்கு அருகில் வீடு தேடும் பெற்றோருக்கு, முதலாம் தர அனுமதியின்போது வதிவிடத்தை நிரூபிக்கப் பதிவு செய்யப்பட்ட குத்தகை உடன்படிக்கை தேவைப்படும். அப்படிப்பட்ட குடும்பம் பல ஆண்டுகள் இருக்கும் என்பதால், ஐயாயிரம் ரூபா குறைத்துக் கொடுப்பதில் நட்டமில்லை. இராமகிருஷ்ண வீதிப் பக்கத்தில் உயர்கல்வி மாணவர்கள் அறை அறையாக எடுக்க வருவார்கள். கூட்டினால் வாடகை கூடுதலாக வரும். ஆட்கள் அடிக்கடி மாறுவதால் தேய்மானமும் கூடுதலாக இருக்கும்.

7. வாடகைக்குள் எது அடங்கும் என்பதைத் தீர்மானியுங்கள்

மின்சாரத்தையும் தண்ணீரையும் வாடகைக்குள் அடக்காதீர்கள். மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. அந்த நாட்களில் எல்லாம் உட்பட என்று எழுதிக் கொடுத்திருந்த அனெக்ஸ் (தங்கள் வீட்டோடு சேர்ந்த தனிக் குடியிருப்பு) உரிமையாளர்கள் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

அனெக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுப் பாவனைக்கான மின் கட்டணம் படிமுறையாக ஏறுவது. 180 அலகுக்கு மேல் அலகின் விலை உச்சத்தில் இருக்கும். தனித்தனியாக 120 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே மானியில் இருந்தால், மொத்தம் 240 அலகாகி இருவருமே உச்சப் படிக்குள் தள்ளப்படுகிறார்கள். முடிந்தால் தனி இணைப்பு எடுங்கள். முடியாவிட்டால் துணை மானி ஒன்றைப் பொருத்தி, கட்டணத்தை எவ்வாறு பிரிப்பது என்பதை உடன்படிக்கையில் எழுதுங்கள். தண்ணீர், மின்சாரக் கணக்குகள் உரிமையாளரின் பெயரில் இருப்பதால், கட்டாமல் விடப்பட்ட நிலுவை உங்கள் தலையில்தான் விழும். மாதாமாதம் கட்டிய பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

8. முற்பணமும் வைப்புப் பணமும்

இரண்டையும் கலக்காதீர்கள். முற்பணம் என்பது வரும் மாதங்களின் வாடகையாகக் கழிந்துபோவது; வைப்புப் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். கொழும்பில் பலர் ஆறு மாதத்தையோ ஒரு ஆண்டையோ முன்கூட்டியே தருகிறேன் என்று சொல்லி வாடகையைக் குறைக்கக் கேட்பார்கள். ஒரு ஆண்டு முற்பணத்துக்கு நான் கொடுத்த கழிவு மிகக் கூடுதலானது. அந்தப் பணத்தையும் நிறப்பூச்சுக்குச் செலவழித்துவிட்டு, பன்னிரண்டு மாதமும் வருமானம் இல்லாமல் பராமரிப்புக் கட்டணத்தைக் கைக்காசில் கட்டினேன். இப்போது மூன்று மாத வைப்புப் பணமும் மாதந்தோறும் வாடகையும் என்பதே என் ஏற்பாடு. வைப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

9. உடன்படிக்கை

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி வலுவுள்ளதாக இருக்க வேண்டுமானால், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வெறும் தாளில் கையெழுத்து வாங்குவது இங்கே சாதாரணம், அதைச் செய்யாதீர்கள். காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கு வழிசெய்த 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் முறையாக எழுதப்பட்ட குத்தகையையே அடிப்படையாகக் கொண்டது. கையெழுத்திடும் நாளில் சட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்பதை நொத்தாரிசிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முத்திரைக் கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் ஆயிரத்துக்கு 10 ரூபாவிலிருந்து 20 ரூபாவாக உயர்ந்தது. குத்தகைக் காலம் முழுவதற்குமான மொத்த வாடகைக்கே அது கணக்கிடப்படும். முதலாம் ஆண்டு 110,000, இரண்டாம் ஆண்டு பத்து சதவீதம் கூட்டி 121,000 என்றால், மொத்தம் 2,772,000 ரூபாவுக்கு 55,440 ரூபா வரும். நொத்தாரிசுக் கட்டணம் இதற்குப் புறம்பானது. இவற்றை யார் கட்டுவது, அல்லது எப்படிப் பகிர்வது என்பதை வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். நொத்தாரிசின் மேசையில் வைத்துப் பேசத் தொடங்கினால், ஒப்புக்கொண்ட வாடகையே மீண்டும் பேரத்துக்கு வந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு உயர்வைத் தொகையாகவே எழுதுங்கள். "பேசித் தீர்க்கப்படும்" என்ற வாசகம் எதையும் தீர்ப்பதில்லை. பராமரிப்புக் கட்டணத்தை எவர் கட்டுவது, இடையில் வெளியேறுவதானால் எத்தனை மாத முன்னறிவித்தல், சிறு திருத்தங்கள் எந்தத் தொகை வரை குடியிருப்பவரின் பொறுப்பு ஆகியவையும் எழுத்தில் இருக்கட்டும்.

10. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

வீட்டின் உறுதிப் பிரதி, நடப்புக் காலாண்டின் மதிப்பீட்டு வரிப் பற்றுச்சீட்டு, நிலுவை இல்லை என்று காட்டும் கடைசி மூன்று மாத மின், நீர்ச் சிட்டைகள், முகாமைத்துவக் குழுவின் கடிதம், இருவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், உங்கள் வரி இலக்கம் ஆகியவற்றை ஒரே கோவையில் வையுங்கள். மானி வாசிப்பையும் ஒவ்வொரு அறையின் நிலையையும் திகதியோடு படம் எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட பொருட்பட்டியலோடு இணையுங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், உங்களுக்குக் கையெழுத்திடும் அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் தேவை. அக்கா லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இங்கே பதிவு செய்து முடிய எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. ஆள் கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால் ஆள் போய்விடுவார். விளம்பரத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

11. புதுப்பிக்கும்போது

குத்தகை முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது கொப்பியை எடுத்து இரண்டாம் படியை மீண்டும் செய்யுங்கள். குழாயைத் திறந்து பார்த்த அந்த அம்மாவின் குடும்பம்தான் இப்போதும் அந்த வீட்டில் இருக்கிறது. கடந்த தடவை புதுப்பித்தபோது கட்டடத்தில் கைமாறிய மூன்று வாடகைகளை அவருக்குக் காட்டி, அவற்றில் நடுத் தொகையைவிட மூவாயிரம் குறைத்துக் கேட்டேன். அவர் கொப்பியை வாங்கித் தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே சம்மதித்தார்.